ஆய்த்து என்றால் சரி

ஆகஸ்ட் 17, வியாழன்

காலையிலிருந்து தூறல். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். ஓசூரில் ஆகஸ்ட் மாதம் குளிரும் என்று எங்கள் ஊர் கோவில்பட்டியில் யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள்.

இந்த நாட்குறிப்பில் நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன். எனக்கு வெட்கமாக இருப்பதையும் எழுதுவேன். பேனாவில்தான் எழுதுவேன். பென்சில் என்றால் பிறகு அழிக்கத் தோன்றும். (அப்பாவின் கம்பெனியில் கொடுத்த டைரி இது. ஜனவரி முதல் பக்கத்தில் ‘கேஸ் புக் பண்ணணும்’ என்று எழுதியதோடு அப்பா நிறுத்திவிட்டார். நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.)

முதல் உண்மை. “எம்மவ பாஸ்கெட்பால் டீம்ல இருக்கா” என்று அம்மா லைன் வீடுகள் முழுக்கச் சொல்வது பாதி உண்மைதான். நான் பன்னிரண்டாவது ஆள். ஜெர்சி உண்டு, ஆட்டம் கிடையாது. ஸ்கோர் எழுதுவது, தண்ணீர் பாட்டில் நிரப்புவது. பந்து என்னை நோக்கி வந்தால் கண்ணை மூடிக்கொள்வேன். “உன் கையெழுத்துக்காகத்தான் வேணி உன்னச் சேர்த்தேன்” என்று பி.டி. மிஸ் நேராகவே சொல்லிவிட்டார்கள்.

மண்டலப் போட்டி எங்கள் பள்ளியில். இன்று தேன்கனிக்கோட்டைப் பெண்களை ஜெயித்தோம். 31–18. பாதிக்கு மேல் மஞ்சுளா போட்டது.

மஞ்சுளா: என் பெஞ்ச். பத்தாவது ‘பி’. ஆறாம் வகுப்பில் நான் இங்கே வந்து சேர்ந்தபோது என் பேச்சைக் கேட்டுச் சிரிக்காத ஒரே பெண். அவள் வீட்டில் கன்னடம் பேசுவார்கள். சொந்த ஊர் நாட்றாம்பாளையம், அஞ்செட்டி மலைப் பக்கம். அவள் அப்பா ஒரு கம்பெனியின் ஜப்பான் மேனேஜருக்குக் கார் ஓட்டுகிறார். வீடும் கம்பெனி கொடுத்ததுதான்.

அவளிடமிருந்து நான் கற்ற கன்னடம் (மறக்காமல் இருக்க):
பேடா – வேண்டாம்.
சாக்கு – போதும்.
பன்னி – வாங்க. (அவள் அம்மா வாசலில் என்னைப் பார்த்து “பன்னி, பன்னி” என்றபோது அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடியது நான்தான்.)
ஆய்த்து – சரி. இது ரொம்ப உபயோகம். கடைக்காரர், கண்டக்டர், எல்லோரும் ஆய்த்து ஆய்த்து என்றுதான் தலையாட்டுகிறார்கள்.
மோரி – சாக்கடை. மேனேஜர் பெயரும் மோரி. அதனால் மஞ்சுவின் அப்பா அந்தப் பெயரை வாயால் சொல்லவே மாட்டாராம். வெறும் ‘சார்’.

எழுத வேண்டியதை இன்னும் எழுதவில்லை. தள்ளிப்போடுகிறேன்.

மேட்ச் முடிந்து ஷூ லேஸைக் கழற்றிக்கொண்டே மஞ்சு சொன்னாள். மோரி சார் இந்த வாரத்தோடு ஜப்பான் போகிறார். அடுத்து வருகிறவருக்கு வாடகை வண்டி. அப்பாவுக்கு வேலை இல்லை, வீடும் இல்லை.

“வேற கம்பெனில கேக்கலாம்ல?”

“கேட்டாரு. பார்த்துக்கினே இருக்காரு. ஊருல பெரியப்பாவோட நிலம் இருக்குது, மாடு இருக்குது. போய்டலாங்கறாரு.”

“அப்ப நீ?”

“நான் என்ன, மாட்டுக்கு ஃப்ரீ த்ரோ சொல்லித் தரேன்.”

சிரித்தாள். லேஸ் முடிச்சு விழுந்திருந்தது. ரொம்ப நேரம் அதையே பிரித்தாள்.

ஆகஸ்ட் 18, வெள்ளி

மழை இல்லை. மேகம் மட்டும். அரையிறுதி ஜெயித்தோம். ஸ்கோர் ஷீட்டில் ஒரு இடத்தில் தப்பாக எழுதி நடுவரிடம் திட்டு.

இரவெல்லாம் யோசித்துக் கண்டுபிடித்த யோசனை: மஞ்சு எங்கள் வீட்டில் இருந்து படிக்கட்டும். பத்தாவது முடியட்டும். மண்டலத்தில் ஜெயித்தால் கிருஷ்ணகிரியில் (நாங்கள் கி.கிரி என்போம்) மாவட்டப் போட்டி. அங்கே நன்றாக ஆடினால் ப்ளஸ் ஒன்னுக்கு விளையாட்டு ஹாஸ்டலில் எடுப்பார்கள் என்று பி.டி. மிஸ் போன மாதமே சொன்னார்கள். நாட்றாம்பாளையத்தில் பாஸ்கெட்பால் கம்பமே கிடையாது. பஸ்ஸே எப்போதாவதுதான்.

அம்மாவிடம் காலையில் கேட்டேன். தோசைக் கரண்டியோடு திரும்பினாள்.

“ஏட்டி, இருக்கதே ஒரு ரூமு. எங்கிட்டு படுக்கும் அந்தப் பிள்ள?”

“எங்கூட.”

“அப்பாவுக்கு நைட் ஷிப்ட் வந்தா பகல்ல தூங்கணும்லா?”

“நாங்க பகல்ல ஸ்கூல்ல இருப்போம்லாம்மா.”

தோசை தீய்ந்தது. அதைத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள். பிறகு, “அவங்க அய்யா சம்மதிக்கணும்லா. முதல்ல அவருட்ட கேளு. ஒருத்தரு பெத்த பிள்ளைய நாம பிடிச்சு வச்சுக்கிட முடியுமா?”

இது அம்மாவின் பாஷையில் சம்மதம்.

மஞ்சுவிடம் சொன்னேன். என் கண்ணாடியைக் கழற்றித் தன் ஜெர்சியில் துடைத்து மறுபடி மாட்டிவிட்டாள். “அப்பாவ நீயே கேளு. நான் கேட்டா அழுதுருவேன்” என்றாள்.

சாயங்காலம் பள்ளி ஆபீஸ் வாசலில் அவள் அப்பா நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட். மேட்ச் பார்க்க வந்திருப்பார் என்று கை காட்டினேன். அவரும் காட்டினார். நான் போவதற்குள் உள்ளே போய்விட்டார்.

நாளை மேட்ச் இல்லை. மோரி சாருக்குக் கடைசி கோல்ஃப். ‘உன் மகளையும் கூட்டி வா’ என்று சொல்லியிருக்கிறாராம். வேணி வந்தால்தான் வருவேன் என்று மஞ்சு சொல்லிவிட்டாள். அங்கே கேட்டுவிட வேண்டும்.

ஆகஸ்ட் 19, சனி

இன்று எழுத நிறைய இருக்கிறது. வரிசையாக எழுதுகிறேன். நல்ல விஷயத்தைக் கடைசியில் வைக்கிறேன்.

விடியும்போதே கார் வந்தது. முன்சீட்டில் மஞ்சுவும் நானும் ஒட்டி உட்கார்ந்தோம். பின்னால் மோரி சார், மெலிந்தவர், தொப்பி. “குட் மார்னிங், பாஸ்கெட்” என்றார் மஞ்சுவைப் பார்த்து. மாநில எல்லையில், ஜூஜுவாடியில், லாரிகள் நகரவே இல்லை. அத்திப்பள்ளி தாண்டி இடதுபக்கம் ஒரு தார் ரோடு. பலகையெல்லாம் கன்னடம். கேட்டில் இருந்தவர் மோரி சாருக்கு சல்யூட் வைத்துவிட்டு எங்களைப் பார்த்து, “மக்களா?” (பிள்ளைகளா?) என்று மஞ்சுவின் அப்பாவைக் கேட்டார்.

“ஒந்து நம்முது. இன்னொந்து ஃப்ரெண்டு.”

கோல்ஃப் பற்றி நான் கவனித்தவை:

புல்லைத் தொட்டுப் பார்த்தேன். நிஜம். எங்கள் பள்ளி மைதானத்தில் புல் முளைத்தால் ஆடு வந்துவிடும்.

தூறிக்கொண்டிருக்கும்போதே குழாய்கள் சுற்றிச் சுற்றித் தண்ணீர் தெளிக்கின்றன.

பந்தை அடித்துவிட்டு அதன் பின்னாலேயே நடந்து போக வேண்டும். அடிப்பதைவிட நடப்பதுதான் அதிகம்.

எண்ணிக்கை குறைந்தவர்தான் ஜெயிப்பவர். ஸ்கோர் எழுதுகிற எனக்குத் தலைகீழாக இருந்தது.

முக்கியமானது: ஒருவர் அடிக்கத் தயாரானால் மற்றவர்கள் மூச்சு விடக்கூடாது. நான் தும்மியதற்கு ஒரு தாத்தா திரும்பி முறைத்தார். எங்கள் மைதானத்தில் ஃப்ரீ த்ரோ போடுகிறவளின் காதிலேயே எதிரணிப் பெண்கள் “போடாதே போடாதே போச்சு போச்சு” என்று கத்துவார்கள். இங்கே கோயில் கர்ப்பக்கிரகம் மாதிரி. கோயிலில்கூட மணி அடிப்பார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து, பந்து வைக்கிற மேடான இடத்தில் மோரி சார் மஞ்சுவைக் கூப்பிட்டுக் கம்பைக் கையில் கொடுத்தார். விரல்களை எப்படிப் பிடிப்பது என்று காட்டினார். “பிக் ஹாண்ட்ஸ். குட்.” மஞ்சு பள்ளிச் சீருடையில்தான் வந்திருந்தாள். காலை அகட்டி நின்றபோது வேறு யாரோ மாதிரி இருந்தாள்.

அவள் அப்பாவும் நானும் பின்னால், பை வைத்த வண்டிக்குப் பக்கத்தில். இதை விட்டால் நேரம் கிடைக்காது என்று தோன்றியது.

“அங்கிள், ஒன்னு கேக்கணும்.”

உதட்டில் விரலை வைத்தார்.

எனக்கு நிறுத்த முடியவில்லை. மெதுவாக, ஆனால் வேகமாக: “மஞ்சு எங்க வீட்டுல இருக்கட்டும் அங்கிள். எங்கம்மா சரின்னுட்டாங்க. பத்தாவது வரைக்கும். மாவட்டத்துல ஆடட்டும். நீங்க ஊருக்குப் போனாலும் அவ இங்க இருக்கட்டும். ப்ளீஸ் அங்கிள்.”

மோரி சார் திரும்பிப் பார்த்தார். மஞ்சுவின் அப்பா என் தலையில் கை வைத்தார். புல்லைப் பார்த்துக்கொண்டு, காற்றுபோல மெதுவாகச் சொன்னார்:

“ஆய்த்தம்மா. ஆய்த்து.”

ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை!

மஞ்சு வீசினாள். பந்தில் படவே இல்லை. ஒரு கை அளவு புல்லும் மண்ணும் பறந்தன. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. துள்ளிக் குதித்துச் சிரித்தேன். அந்தத் தாத்தா மறுபடி முறைத்தார். முறைக்கட்டும். எத்தனை ரீபவுண்டைக் காற்றிலேயே பிடிக்கிறவள், அசையாமல் தரையில் இருக்கிற பந்தை அடிக்கத் தெரியவில்லை!

“ஒன் மோர்,” என்றார் மோரி சார்.

ரொம்ப நேரம் குனிந்தே நின்றாள். பிறகு அடித்தாள் பாருங்கள் (யாரைப் பார்க்கச் சொல்கிறேன்?), பந்து மேலே, மேலே, கொடி இருக்கும் பக்கமே போகாமல் குளத்தில் விழுந்தது. மோரி சார் கைதட்டினார். “வெரி லாங்! வெரி பேட்!”

மஞ்சு கம்பைத் திருப்பிக் கொடுத்தாள். பறந்த மண்ணை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அந்தப் பள்ளத்தில் வைத்து ஷூவால் அமுக்கினாள். அது வேலைக்காரர் செய்வார் என்று சொன்னாலும் கேட்கவில்லை.

திரும்பும்போது காரில் அவள் காதில்:

“கேட்டியா? உங்கப்பா ஒத்துக்கிட்டாரு!”

“ம்.”

“இன்னிக்கே டைரில எழுதப்போறேன்.”

“பேனாவுலயா?”

“பேனாவுலதான்.”

கண்ணாடி வழியாக லாரிகளைப் பார்த்தாள். “எழுது” என்றாள்.

எழுதுகிறேன். மஞ்சுவின் அப்பா ஒத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

இறுதி ஆட்டம் இன்று நடக்க வேண்டியது. மழையால் தரை வழுக்குகிறது என்று நாளைக்குத் தள்ளிவிட்டார்கள்.

அம்மா அலமாரியில் நடுத்தட்டைக் காலி செய்தாள். அதிலிருந்து வெளியே வந்தவை: அப்பாவின் பழைய சேஃப்டி ஷூ, முறுக்கு அச்சு, என் ஏழாம் வகுப்புப் புத்தகங்கள், யாரோ கல்யாணத்தில் கொடுத்த ஸ்டீல் குடம். குடத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அப்பா, “இனிமே டிவி ரிமோட்டுக்கு ரெண்டு எதிரி” என்றார். அவருக்கும் சந்தோஷம்தான். வேறொரு கோரைப்பாய் வாங்கி வந்திருக்கிறார்.

மதியம் மஞ்சு வந்தாள். அம்மா தட்டைத் திறந்து காட்டினாள்.

“இந்தா தாயி, இது ஒனக்கு. துணிமணி கொண்டாரலையா?”

“நாளைக்கு ஆன்ட்டி.”

காலித் தட்டில் கையை வைத்துப் பார்த்தாள், இஸ்திரிப் பெட்டி சூடா என்று பார்ப்பதுபோல. சாப்பிட்டாள். தன் தட்டோடு எங்கள் எல்லோருடைய தட்டையும் கழுவிவைத்தாள். “இப்பவே மருமக மாதிரி” என்று அம்மா சொல்லப்போய், எனக்கு அண்ணனே இல்லை என்று ஞாபகம் வந்து எல்லோரும் சிரித்தோம்.

பிறகு என்னைப் பள்ளி மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். வாட்ச்மேன் விட்டார். யாரும் இல்லை. தூறல்.

“போடு.”

“நானா?”

“கண்ணத் தொறந்து போடு.”

விழவில்லை. விழவில்லை. பந்து கழுத்தில் பட்டது. கண்ணாடியில் தண்ணீர். கால் வலிக்கிறது என்றேன். “வேணி, கண்ணத் தொறடி” என்று கத்தினாள். மஞ்சு என்னிடம் இதுவரை கத்தியதில்லை. எனக்குக் கோபம் வந்து எறிந்தேன். வளையத்தில் பட்டு, சுற்றி, உள்ளே விழுந்தது.

நான் பார்த்தேன். கண்ணைத் திறந்துகொண்டு பார்த்தேன்.

“அவ்ளோதான்,” என்றாள் மஞ்சு. “இனிமே நீயே போட்டுக்குவ.”

“ஏன், நீ எங்க போற?”

பந்தை எடுக்கப் போனாள். பந்து ரொம்ப தூரம் உருண்டிருந்தது.

ஆகஸ்ட் 21, திங்கள்

கொஞ்சம் வெயில். தரையை மரத்தூள் போட்டுக் காயவைத்தார்கள்.

ஜெயித்தோம். 40–37. எதிராளி கி.கிரிப் பள்ளி. எல்லோரும் உயரம். ஸ்கோர் ஷீட்டில் ஒரு தப்பும் இல்லை. மஞ்சு இப்படி ஆடி நான் பார்த்ததே இல்லை. யாரிடமும் பேசாமல், சிரிக்காமல், தண்ணீர்கூடக் குடிக்காமல்.

பி.டி. மிஸ் எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து மாவட்டத்துக்குப் போகிற பெயர்களை வாசித்தார்கள். பதினொன்றாவதாக, கடைசியாக என் பெயர். மஞ்சு பெயர் இல்லை.

“மிஸ், மஞ்சு பேர விட்டுட்டீங்க.”

மிஸ் விசில் கயிற்றை விரலில் சுற்றினார்கள். எங்கள் மைதானத்தில் இவ்வளவு அமைதியை நான் கேட்டதில்லை. அந்தக் கோல்ஃப் மைதானம் போல இருந்தது.

“வெள்ளிக்கிழமையே டி.சி. கேட்டு எழுதிக் குடுத்துட்டாரும்மா அவங்கப்பா,” என்றார்கள் மிஸ். “ஃபைனல் வரைக்குமாவது ஆடட்டும்னு நான்தான் கேட்டேன்.”

வெள்ளிக்கிழமை. ஆபீஸ் வாசல். வெள்ளைச் சட்டை. நான் கை காட்டினேன்.

கேட்டுக்கு வெளியே ஒரு மினி லாரி. மெத்தை, பீரோ, சைக்கிள், தலைகீழாக நாற்காலிகள். முன்னால் அவள் அம்மா, மடியில் குக்கர். மஞ்சுவின் அப்பா கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். முதல்முறையாக அவரை லுங்கியில் பார்க்கிறேன்.

“அங்கிள், நீங்க சரின்னு சொன்னீங்களே.”

அவருக்குப் புரியவில்லை. “எப்பம்மா?”

“கோல்ஃப்ல. ஆய்த்துன்னு. ரெண்டு தடவ.”

கயிற்றைப் பிடித்தபடியே நின்றார். மஞ்சுவைப் பார்த்தார். பிறகு என்னை. முகம் என்னவோ ஆகிவிட்டது.

“அய்யோ, இல்லம்மா. எல்லாம் முடிஞ்சுபோச்சும்மான்னு சொன்னேன். முந்தின நாளே டி.சி.க்கு எழுதிக் குடுத்தாச்சு, வண்டிக்கும் சொல்லியாச்சு. சாரு அடிக்கச் சொல்லிக்கினு இருந்தாரு, சத்தம் போடக் கூடாது, அதான்...” நிறுத்தினார். “உங்கம்மாவுக்கு நான் கும்புட்டேன்னு சொல்லு. பொட்டப்புள்ளய இன்னொருத்தங்க ஊட்ல உட்டுட்டு எனக்கு அங்க சோறு எறங்குமாம்மா?”

பதில் இருந்தது. நிறைய வைத்திருந்தேன்.

மஞ்சு என்னைக் கேட்டின் இந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு வந்தாள். ஜெர்சியைக் கழற்றி, மடித்து, என் ஸ்கோர் அட்டைமேல் வைத்தாள்.

“உனக்குத் தெரியும்,” என்றேன். “உனக்குக் கன்னடம் தெரியும். அங்கேயே தெரியும்.”

“தெரியும்.”

“ஏன் சொல்லல?”

“காருலயே சொல்லலாம்னு பார்த்தேன். பேனாவுல எழுதறேன்னுட்ட.” மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டாள். “நீ சிரிச்சிக்கினே இருந்தடி. உங்கம்மா அலமாரிலாம் காலி பண்ணாங்க. எனுக்கும் நல்லா இருந்துச்சு. ரெண்டு நாளு அங்க இருந்த மாதிரியே இருந்துச்சு.”

லாரி ஹாரன் அடித்தது. அவள் மெத்தைமேல் ஏறி உட்கார்ந்தாள். கைகாட்டுவாள் என்று நின்றேன். இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்திருந்தாள். வண்டி தேன்கனிக்கோட்டை ரோட்டில் திரும்பிவிட்டது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் நடுத்தட்டில் எதையும் திருப்பி வைக்கவில்லை. புதுப் பாய் சுவரில் சாய்ந்து நிற்கிறது.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன் என்று சொன்னவள் நான். ஆனால் இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு பார்த்தும் பார்க்கவில்லை. அவள் வீசிய முதல் அடி. பந்தில் படாமல் மண் பறந்தது. அப்போதுதான் அவர் அந்தச் சொல்லைச் சொல்லி முடித்திருந்தார். நான் குதித்துச் சிரித்தேன். அவள் குனிந்து நின்றது பந்தைப் பார்க்க இல்லை.

ஆய்த்து. ஆயிற்று. தமிழ்ப் பாடத்தில் எத்தனை தடவை எழுதியிருக்கிறேன்.

சனிக்கிழமைப் பக்கத்தைப் புரட்டினேன். ‘ஒத்துக்கொண்டார்’ என்று பெரிதாக, இரண்டு முறை அழுத்தி எழுதியிருக்கிறேன். அது பொய். அடித்துவிட வேண்டும். அந்தச் சொல்லின்மேல் பேனாவை வைத்தேன். அவள் ‘எழுது’ என்று சொன்னாள். கார்க் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். இன்னும் அடிக்கவில்லை.

அப்பாவுக்கு நாளைக்குக் காலை ஷிப்ட். “லைட்ட அமத்து தாயி” என்கிறார். இந்த ஒரு வரிப்பா என்றேன். அம்மா எழுந்து வந்து என் பக்கத்தில் புதுப் பாயை விரித்துப் படுத்துக்கொண்டாள்.

விளக்கை அணைத்தாயிற்று.